வாங்கியது பொருளா, அனுமதியா? மென்பொருள் உரிமமும் மின்சாதனங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போனாலும் பலகாரத் தட்டோடு ஒரு லேப்டாப்பும் வந்து சேரும். "தம்பி, இது ஆக்டிவேட் பண்ணு, ஆக்டிவேட் பண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருக்கு, கொஞ்சம் பாரேன்" என்பார் பெரியப்பா. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது, சிங்கப்பூரின் தேக்கா காப்பிக்கடையில், மகளின் பள்ளி வாசலில் என்று எங்கே போனாலும் கேள்விகள் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் என் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். நான் வழக்கறிஞன் இல்லை. பல வருடமாக மென்பொருள் எழுதிச் சம்பாதிப்பவன், மின்சாதனங்கள் மேல் தீராத ஆசை உள்ளவன். கீழே இருப்பவற்றில் தகவலும் உண்டு, என் கருத்தும் உண்டு. எது எது என்று படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

காசு கொடுத்துத்தானே வாங்கினேன், அப்புறம் எப்படி அது என்னுடையது இல்லை?

நாற்காலி வாங்கினால் நாற்காலி உங்களுடையது. விற்கலாம், காலை அறுத்துக் குட்டையாக்கலாம், தங்கைக்குத் தூக்கிக் கொடுக்கலாம், கடைக்காரர் வந்து கேட்க முடியாது. மென்பொருள், மின்னூல், டிஜிட்டல் விளையாட்டு இவற்றில் பெரும்பாலும் நீங்கள் வாங்குவது பயன்படுத்துவதற்கான ஓர் அனுமதி. அந்த அனுமதிக்கு நிபந்தனைகள் உண்டு. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை நாம் எல்லோரும் படிக்காமல் அழுத்துகிறோமே, அங்கேதான் அவை இருக்கின்றன.

இது வெறும் தாளில் இருக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2009 ஜூலையில் அமேசான் இரண்டு நாவல்களின் பிரதிகளை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகத்தை யாராவது ராத்திரி வந்து எடுத்துப் போக முடியும் என்பதே அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது. இன்னொன்று, யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டு. 2014இல் வந்தது, 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை மூடினார்கள். தனியாக விளையாடினாலும் அதற்கு சர்வர் வேண்டும் என்ற வகையில் கட்டப்பட்டிருந்ததால் வாங்கியவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்த்துவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: விற்பது உரிமம் மட்டும்தான் என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சும்மா 'வாங்கு' என்று பொத்தான் போட்டு ஏமாற்றக்கூடாது. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. சிங்கப்பூருக்கும் வரவேண்டும் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

எதை வாங்கும்போதும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன். இந்தக் கம்பெனி நாளைக்கே கடையை மூடினால் என் கையில் என்ன வேலை செய்யும்? கீழே உள்ள முக்கால்வாசி பதில்கள் அந்தக் கேள்வியிலிருந்து வருபவைதான்.

இணையத்தில் விண்டோஸ் சாவி பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் "ஆனா வேலை செய்யுதே அண்ணே" என்பதுதான் அடுத்த வரி. விண்டோஸ் உரிமத்தில் மூன்று வகையைத் தெரிந்து வைத்தால் போதும். ஓஇஎம் என்பது கணினியோடு சேர்ந்து வருவது, அந்தக் கணினியோடேயே முடிந்துவிடும், மதர்போர்டை மாற்றினாலே தகராறு செய்யும். ரீட்டெய்ல் என்பது தனியாக விலை கொடுத்து வாங்குவது, பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். வால்யூம் என்பது பள்ளிகள், அலுவலகங்கள் மொத்தமாக எடுப்பது. பதினைந்து வெள்ளிச் சாவி என்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையிலிருந்து கசிந்தது, அல்லது எங்கேயோ தூக்கிப் போட்ட கணினியிலிருந்து உரித்தெடுத்தது. சாவி வேலை செய்யும், அது உண்மை. ஆனால் சாவி என்பது வேறு, உரிமம் என்பது வேறு. பக்கத்து வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்தாலும் கதவு திறக்கத்தான் செய்யும். சில வால்யூம் முறைகளில் 180 நாளுக்குள் கணினி தன் நிறுவனத்து சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அது நடக்காவிட்டால் ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் அதே 'ஆக்டிவேட்' அறிவிப்பு வந்து நிற்கும்.

ஐரோப்பாவில் பயன்படுத்திய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று 2012இல் அங்குள்ள நீதிமன்றம் 'யூஸ்டுசாஃப்ட்' வழக்கில் தீர்ப்பளித்தது. விற்பவர்கள் அதைக் காட்டுவார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கான தீர்ப்பு, அங்கேயும் முதலில் வைத்திருந்தவர் தன் பிரதியை அழித்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நூறு பேருக்கு ஒரே சாவியை விற்பதற்கும் அந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை.

சிறு வியாபாரம் நடத்தும் நண்பர்களுக்கு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். வீட்டுக் கணினியில் சிக்கல் வந்தால் எரிச்சலோடு போய்விடும், கடைக் கணினியில் வந்தால் அது கணக்கு வழக்கு வரை போகும். காசு இல்லை என்றால் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸுக்குப் பதில் லிப்ரெஆஃபிஸ் போடுங்கள், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுங்கள், இரண்டும் முழுக்க நேர்மையான வழி, ஒரு காசும் செலவில்லை.

விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதாமே. என் லேப்டாப் நன்றாகத்தானே ஓடுகிறது?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நீட்டித்துக் கொடுக்கிறார்கள், அதற்குப் பதிவு செய்ய வேண்டும். காசு கட்டியும் பெறலாம், கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணமில்லாமலும் பெறலாம்.

விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் என்றால் சுமாராக எட்டாம் தலைமுறைக்கு மேல் கேட்கிறது. அதனால் நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் 'பழையவை' ஆகிவிட்டன. எனக்கு இதில் வருத்தம் உண்டு. இரும்பு தேயவில்லை, திரை மங்கவில்லை, மென்பொருள் மட்டும் 'போதும்' என்று சொல்லிவிட்டது.

அம்மாவின் 2016ஆம் வருடத்து லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டேன். யூடியூப், வாட்ஸ்அப் வெப், தமிழ் முரசு, ஊரில் இருக்கும் சித்தியோடு வீடியோ அழைப்பு, அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். முதல் வாரம் "அந்த நீலக் கலர் எங்கே" என்று கேட்டார், இரண்டாவது வாரம் கேட்கவில்லை. ஆனால் எல்லோரையும் லினக்ஸுக்கு மாறச் சொல்ல மாட்டேன். அலுவலக மேக்ரோக்கள் நிறைந்த எக்செல் கோப்பு, குறிப்பிட்ட கணக்கியல் மென்பொருள், சில ஆன்லைன் விளையாட்டுகள் இவை உங்கள் அன்றாடத்தில் இருந்தால் மாறாதீர்கள், தினமும் தலைவலிதான்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்றுதானே அர்த்தம்?

இல்லை, இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு. தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. விலையைப் பற்றிய சொல் இல்லை அது, கட்டைப் பற்றியது. மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய அசல் வரிகளை, பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். காசு வாங்கிக்கொண்டும் கொடுக்கலாம்.

இது எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால் ஒரு பிரிண்டரில் போய் நிற்கும். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. தாள் சிக்கினால் ஆட்களுக்குத் தகவல் அனுப்பும்படி பழைய பிரிண்டரின் நிரலை அங்கே வேலை பார்த்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் மாற்றி வைத்திருந்தார். புதியதற்கு மூலநிரல் கிடைக்கவில்லை. நிரல் வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டபோது, யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்தார், 1989இல் ஜிபிஎல் உரிமத்தின் முதல் பதிப்பு வந்தது.

ஜிபிஎல் என்ன செய்யும் என்பதை வீட்டில் மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் ரௌட்டரை வைத்தே சொல்லிவிடலாம். லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்று நீலமும் கறுப்புமாக ஒரு ரௌட்டர், வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2003இல் அதைக் குடைந்து பார்த்தவர்கள் உள்ளே லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருவது, பொருளை விற்றால் கேட்பவருக்கு மூலநிரலையும் தந்தாக வேண்டும். கம்பெனி தரவில்லை. விடாமல் கேட்டார்கள், அந்த வருடமே கம்பெனி வெளியிட்டது. அந்த நிரலை அடிப்படையாக வைத்து 2004இல் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' பிறந்தது. இன்றைக்கும், கம்பெனி கைவிட்ட எத்தனையோ ரௌட்டர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பது அதனால்தான். உரிமத்தில் இருந்த சில வரிகள் இருபது வருடம் கழித்தும் ஒரு வீட்டு ரௌட்டரைக் குப்பைக்குப் போகாமல் தடுக்கின்றன. என் வீட்டிலும் ஒன்று அப்படி ஓடுகிறது.

நான் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். எந்த உரிமம் போடட்டும்? ஜிபிஎல்லா, எம்ஐடியா?

எம்ஐடி உரிமம் "என் பெயரை வைத்துக்கொள், மற்றபடி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்" என்கிறது. ஜிபிஎல் "நீயும் எடுத்துக்கொள், ஆனால் மாற்றி விநியோகித்தால் அதே சுதந்திரத்தை அடுத்தவனுக்கும் கொடு" என்கிறது. அப்பாச்சி 2.0, எம்ஐடி போலத்தான், கூடவே காப்புரிமை பற்றிய ஒரு பாதுகாப்பும் உண்டு.

பிறர் தங்கள் நிரலுக்குள் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல் நூலகம், எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்றால் எம்ஐடி அல்லது அப்பாச்சி. முழுச் செயலி, கருவிக்குள் போய் உட்காரும் நிரல், பிற்காலத்தில் யாரும் பூட்டு போட்டுவிடக் கூடாது என்றால் ஜிபிஎல். என் மனம் ஜிபிஎல் பக்கம்தான் சாயும், மேலே சொன்ன ரௌட்டர் கதை காரணம். எதைப் போட்டாலும் பரவாயில்லை, ஆனால் ஒன்றைப் போடுங்கள். உரிமமே இல்லாமல் நிரலை இணையத்தில் வைத்தால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை; பதிப்புரிமைச் சட்டப்படி யாரும் தொடக்கூடாது என்றுதான் அர்த்தம். எத்தனையோ மாணவர்கள் நல்ல மனசோடு வைத்த நிரல்கள் இப்படி யாருக்கும் பயன்படாமல் கிடக்கின்றன.

நேற்று வரை ஓப்பன் சோர்ஸாக இருந்தது இன்றைக்கு மாறிவிடுகிறதே, அது எப்படி?

கிளவுட் கணினிகளை நிரல் வழியாக அமைக்க உதவும் டெராஃபார்மின் உரிமத்தை 2023 ஆகஸ்டில் மாற்றினார்கள், தரவை வேகமாக எடுத்துத் தரும் ரெடிஸின் உரிமத்தை 2024 மார்ச்சில். போட்டி நிறுவனங்கள், முக்கியமாக பெரிய கிளவுட் கம்பெனிகள், தங்கள் உழைப்பை எடுத்து விற்றுக் காசு பார்க்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பங்களித்த நூற்றுக்கணக்கானவர்கள் ஒரு நம்பிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். பங்களிப்பவரிடம் முன்கூட்டியே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் கம்பெனி தனியாக உரிமத்தை மாற்றிக்கொள்ள முடியும். லினக்ஸ் கெர்னலில் அப்படி வாங்குவதில்லை, ஆயிரக்கணக்கானவர்களிடம் பதிப்புரிமை சிதறிக் கிடக்கிறது, அதனால் அதை யாராலும் மாற்ற முடியாது.

சந்தோஷமான பகுதி என்னவென்றால், பழைய உரிமத்தில் வெளிவந்த பதிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதிலிருந்து டெராஃபார்முக்கு 'ஓப்பன்டோஃபு' கிளைத்தது, ரெடிஸுக்கு 'வால்கி' கிளைத்தது. கடைசியில் 2025 மே மாதம் ரெடிஸ், ஜிபிஎல்லின் உறவான ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு ஓப்பன் சோர்ஸுக்குத் திரும்பியது. அலுவலகத்தில் புதிதாக ஒரு கருவியைத் தேர்வு செய்யும்போது அது ஒரே கம்பெனியின் கையில் இருக்கிறதா, ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பது அதனால்தான்.

ஏஐ மாடல்களையும் 'ஓப்பன்' என்கிறார்களே?

இங்கே அந்தச் சொல் ரொம்பவும் தேய்ந்துபோய்விட்டது. மெட்டாவின் லாமாவைப் பதிவிறக்கலாம், ஆனால் மாதம் 70 கோடிப் பயனருக்கு மேல் உள்ளவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும், பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளும் உண்டு. எது ஓப்பன் சோர்ஸ் என்று வரையறுக்கும் அமைப்பான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் 2024 அக்டோபரில் ஏஐக்கென ஒரு வரையறை வெளியிட்டது, லாமா அதற்குள் வராது. 'எடை திறந்தது', அதாவது பயிற்சியில் மாடல் கற்ற எண்களை மட்டும் தருவது, என்று சொன்னால் நேர்மையாக இருக்கும்.

நம் ஊரில் ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய 'சீ-லயன்' தமிழையும் சேர்த்துக்கொண்ட மாடல், அதில் எனக்குப் பெருமை உண்டு. முதல் பதிப்பு எம்ஐடி உரிமத்தில் வந்தது. பிற்பாடு வந்தவை லாமா, ஜெம்மா போன்றவற்றின் மேல் கட்டப்பட்டவை, அதனால் அந்தந்த அடிப்படை மாடலின் நிபந்தனைகளும் கூடவே வரும். பயன்படுத்தும் முன் எந்தப் பதிப்பு என்று பார்த்து, அதன் உரிமத்தைப் படியுங்கள்.

கோயில் மலருக்கு, சமூக மன்ற நிகழ்ச்சிச் சுவரொட்டிக்கு எந்தத் தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தலாம்?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் எழுத்துருவும் ஒரு மென்பொருள், அதற்கும் உரிமம் உண்டு என்பது நிறைய பேருக்குத் தெரியாது. விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா எழுத்துருக்களில் நீங்கள் அச்சடிக்கலாம், ஆனால் அந்தக் கோப்பை எடுத்து அச்சகத்துக்கோ நண்பருக்கோ அனுப்புவது உரிமத்துக்கு உட்பட்டதில்லை. எங்கிருந்தோ வந்து, யார் செய்தது என்று தெரியாமல் யுஎஸ்பியில் சுற்றும் எழுத்துருக்களின் நிலைமை இன்னும் மோசம்.

எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வரும் எழுத்துருக்களை எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி எல்லாம் அப்படிப்பட்டவை. அச்சடிக்கலாம், செயலியில் வைக்கலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், கோப்பை அச்சகத்துக்கு அனுப்பலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது, அவ்வளவுதான் பெரிய நிபந்தனை.

கூடவே ஒரு வேண்டுகோள்: பழைய பாமினி போன்ற குறியாக்கத்தில் புதிதாக எதையும் தட்டச்சு செய்யாதீர்கள், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கத்தில் செய்யுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாமினி உரை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், தேடவும் முடியாது. தமிழ் இணையத்துக்கு இந்த ஊர் செய்தது கொஞ்சமில்லை. தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 மாநாடு 1997 மே மாதம் இங்கேதான் கூடியது. குறியாக்கம், விசைப்பலகை என்று ஆளுக்கொரு வழியாக இருந்த காலத்தில் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்த முயற்சி அது. அந்த ஊரில் இருந்துகொண்டு நம் மன்றத்தின் பழைய மலர்களை இன்றைக்குத் திறந்து படிக்க முடியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

எல்லாமே சந்தாவாகிவிட்டதே. கட்டுவதா, வேண்டாமா?

அடோபி 2013 மே மாதம் இனிமேல் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது, அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வரிசையில் சேர்ந்தார்கள். சந்தாவே தப்பு என்று நான் சொல்லவில்லை. சர்வர் செலவு உள்ள சேவைக்கு மாதாமாதம் வாங்குவது நியாயம். என் கணினியிலேயே ஓடி, என் வட்டிலேயே சேமிக்கும் ஒன்றுக்கு ஏன் என்பதுதான் என் கேள்வி. வருடச் சந்தாவை மாத மாதமாகக் கட்டும் திட்டங்களில் பாதியில் நிறுத்தினால் அபராதம் இருக்கும். அதை மறைத்தார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் பரிந்துரையில் அமெரிக்க அரசு அடோபி மேல் வழக்கே போட்டது.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து ஜிஎஸ்டி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. அமெரிக்க டாலரில் பார்த்த விலையை வெள்ளிக்கு மாற்றி, வரி சேர்த்து, பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். எத்தனை வருடம் பயன்படுத்துவீர்கள் என்று அதையும் பெருக்குங்கள். ஒரே முறை கட்டும் மாற்று மென்பொருள் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்மார்ட் கேமரா, ஸ்மார்ட் பிளக் வாங்கலாமா?

வாங்கலாம், யோசித்து. ஈசூனில் தனியாக இருக்கும் அம்மா வீட்டுக்கு நான் ஒரு கேமரா வாங்கி வைத்தேன். மூன்று வருடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல்: சேவையை நிறுத்துகிறோம், தொண்ணூறு நாளில் செயலி வேலை செய்யாது. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை, லென்ஸ் புதுசு போல இருந்தது. படத்தை அவர்கள் சர்வர் வழியாக மட்டுமே பார்க்க முடியும் என்று செய்திருந்ததால் அது வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. அம்மா விழுந்து எழுந்தால் எனக்குத் தெரியட்டும் என்று வைத்த கேமரா. எனக்கு வந்த கோபத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இது புதுசு இல்லை. நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை 2016 மே மாதம் அப்படியே செயலிழக்க வைத்தார்கள், 299 அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

நல்லபடியாக மூடியவர்களும் உண்டு, அவர்களைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கூகல் 2023 ஜனவரியில் ஸ்டேடியா என்ற இணைய விளையாட்டுச் சேவையை மூடியபோது விளையாட்டுகளுக்கும் கருவிக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, கட்டுப்பாட்டுக் கருவியை சாதாரண புளூடூத்தில் பயன்படுத்த வழியும் செய்து கொடுத்தது. பெபிள் கைக்கடிகாரத்தின் கதை இன்னும் அழகு. 2016இல் கம்பெனி மூடியது, ரசிகர்கள் 'ரெபிள்' என்று கூடித் தாங்களே சர்வர் நடத்தி உயிரோடு வைத்திருந்தார்கள். அதன் நிரல் கைமாறிக் கைமாறிக் கூகலிடம் வந்து, 2025 ஜனவரியில் அவர்கள் அதை அப்பாச்சி உரிமத்தில் வெளியிட்டார்கள். கடிகாரத்தை முதலில் செய்தவரே அந்த நிரலை எடுத்துப் புதுக் கடிகாரம் செய்ய ஆரம்பித்துவிட்டார். மூடும் ஒவ்வொரு கம்பெனியும் இப்படிச் செய்தால் என்ன குறைந்துபோகும்?

இப்போது அம்மா வீட்டில் இருப்பது வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பதிவாகும் கேமரா. பெட்டியில் இரண்டு விஷயம் பார்க்கிறேன்: ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளுக்கான பொதுத் தரமான 'மேட்டர்' சின்னம் இருந்தால் வீட்டுக்குள்ளேயே கட்டுப்படுத்த வாய்ப்பு அதிகம், அப்புறம் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 முதல் தரும் இணையப் பாதுகாப்பு முத்திரை, நான்கு நிலைகள் கொண்டது. அடிப்படை நிலைக்கே எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைக்கக்கூடாது, திருத்தங்கள் கொடுக்க வேண்டும் என்ற விதிகள் உண்டு. இங்கே விற்கும் வைஃபை ரௌட்டர்களுக்கு அது கட்டாயம்.

பிரிண்டரில் வேறு கம்பெனி மை போட்டால் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறது?

மை தீர்ந்ததா என்று பார்க்கும் சில்லு, யாருடைய மை என்றும் பார்க்கிறது. 2016 செப்டம்பரில் எச்பியின் சில பிரிண்டர்கள் ஒரே நாளில் மற்ற கம்பெனி மைகளை நிராகரிக்க ஆரம்பித்தன, எதிர்ப்பு வந்தபிறகு அதை நீக்கும் திருத்தம் ஒன்றும் வந்தது. வாங்கிய அன்று இருந்த பொருளை வாங்கிய பிறகு மாற்றுவது என்னைப் பொறுத்தவரை தப்பு. நிறைய அச்சடிப்பவர்கள் மைத்தொட்டி வைத்த பிரிண்டரை வாங்குங்கள்.

போன் எத்தனை வருடம் தாங்கும்?

இரும்பு எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்காதீர்கள், திருத்தம் எத்தனை வருடம் வரும் என்று கேளுங்கள். கூகல் 2023இல் பிக்சல் 8க்கு ஏழு வருடம் என்றது, சாம்சுங் 2024 ஜனவரியில் எஸ்24க்கு அதையே சொன்னது. வங்கிச் செயலியும் அரசின் மின்னடையாளச் செயலியான சிங்பாஸும் அதில்தான் இருக்கின்றன, திருத்தம் நின்ற போனில் அவற்றை வைக்க எனக்கு மனம் வராது. விலை குறைந்த போன்களில் இரண்டு மூன்று வருடத்தில் நின்றுவிடுவது உண்டு, 300 வெள்ளிப் போனை மூன்று வருடத்தாலும் 900 வெள்ளிப் போனை ஏழு வருடத்தாலும் வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் நினைத்த அளவுக்கு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் திருத்தம் தரவேண்டும், உதிரிபாகம் ஏழு வருடம் கிடைக்க வேண்டும், பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 விழுக்காடு பிடிக்க வேண்டும். அங்கே கட்டாயமானது மெல்ல மெல்ல எல்லா ஊருக்கும் வரும், யுஎஸ்பி-சி அப்படித்தான் வந்தது.

சிம் லிம் மின்சாதனக் கடைத்தொகுதியில் வாங்கலாமா, இணையத்தில் வாங்கலாமா? கோளாறாக இருந்தால்?

எங்கே வாங்கினாலும் ரசீது, மொத்த விலை எழுத்தில், உள்ளூர் உத்தரவாதமா என்ற கேள்வி. 'எக்ஸ்போர்ட் செட்', அதாவது வேறு நாட்டுச் சந்தைக்கான பொருள், என்றால் விலை குறையும், ஆனால் உள்ளூர்ச் சேவை மையம் எடுக்காமல் போகலாம். சார்ஜரில் 'பாதுகாப்புச் சின்னம்' இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் 400 வெள்ளிக்குள் வாங்கினாலும் 2023 முதல் ஜிஎஸ்டி உண்டு, அதைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கோளாறு என்றால் இங்கே 2012 செப்டம்பரிலிருந்து 'லெமன் லா' இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். முதலில் பழுதுபார்ப்பது அல்லது மாற்றித் தருவது, முடியாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப. "ஏழு நாள்தான் சார் வாரன்ட்டி" என்று சுவரில் ஒட்டியிருந்தாலும் இந்த உரிமை போகாது. பழைய பொருளைக் கடையில் வாங்கினாலும் பொருந்தும், தனிநபரிடம் கரோசல் இணையச் சந்தை வழியாக வாங்கியதற்குப் பொருந்தாது. கடைக்காரர் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் அப்புறம் சிறு கோரல்கள் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை, இரண்டு வருடத்துக்குள், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம்.

எல்லா சேனலும் தெரியும் ஆண்ட்ராய்டு பெட்டி, தமிழ்ப் படம் எல்லாம் வருமாம்...

வேண்டவே வேண்டாம். திருட்டு ஒளிபரப்புக்கான பெட்டிகளை விற்பது 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம், தனிநபருக்கு 100,000 வெள்ளி அபராதம், ஐந்து வருடச் சிறை வரை போகலாம். 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேரில் போலிஸ் சோதனையும் கைதுகளும் நடந்தன. சட்டத்தை விடுங்கள், யார் எழுதியது என்று தெரியாத நிரல் ஓடும் ஒரு பெட்டியை வீட்டு நெட்வொர்க்கில் மாட்டுகிறீர்கள், அதே நெட்வொர்க்கில்தான் உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள்.

புதுக் கருவி பற்றிய செய்தி வந்தால் எதைப் பார்ப்பீர்கள்?

கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்பதைத் தாண்டிப் போய்விடுவேன். எத்தனை வருடத் திருத்தம், எந்த வசதி பின்னால் சந்தாவாக மாறப்போகிறது, கழற்றிப் பழுதுபார்க்க முடியுமா, இங்கே விற்குமா. இந்த நான்கும் செய்தியின் கடைசிப் பத்தியில்தான் இருக்கும், பல சமயம் இருக்கவே இருக்காது.

நம் ஊர்க் கம்பெனி பற்றிய செய்தி என்றால் மட்டும் முழுதும் படிப்பேன். சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையைக் கொண்டுவந்தது. கணினி என்றால் 'பீப்' என்று மட்டும் கத்தும் என்று நினைத்திருந்த உலகத்துக்கு சத்தம் கொடுத்தது ஒரு சிங்கப்பூர் அட்டை. 2006இல் ஐபாடின் பட்டியல் முறை எங்கள் காப்புரிமை என்று வாதாடி ஆப்பிளிடமிருந்து 10 கோடி அமெரிக்க டாலர் வாங்கினார்கள். 2023 ஜனவரியில் அவர் மறைந்த செய்தி வந்த அன்று, என் முதல் கணினியில் இருந்த சவுண்ட் பிளாஸ்டரைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பழையதை எங்கே போடுவது?

முதலில் பழுதுபார்க்க முடியுமா என்று பாருங்கள். 'ரிப்பேர் காப்பித்தியாம்' தொண்டூழியர்கள் உங்களோடு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துச் சரிசெய்வார்கள், என் அத்தையின் மிக்ஸி அப்படித்தான் பிழைத்தது. முடியாது என்றால் குப்பைக் குழாயில் போடாதீர்கள். 2021 ஜூலையிலிருந்து தயாரிப்பாளர்கள் செலவில் மின்கழிவு சேகரிக்கும் ஏற்பாடு இருக்கிறது, கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் அதற்கான தொட்டிகளைப் பார்க்கலாம். போனைப் போடும் முன் கணக்கிலிருந்து வெளியேறி, சிங்பாஸை வேறு போனுக்கு மாற்றி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, கடைசியாக முழுவதையும் அழியுங்கள். அந்த வரிசையில் செய்யுங்கள், முதலிலேயே அழித்துவிட்டால் சிங்பாஸை மாற்றுவதற்கு அலைய வேண்டியிருக்கும்.